தாமே கற்றவர்களா?

எழுத்தறியாத தோட்டத் தொழிலாளி ஒருவர் விடிய விடியக் காமன் கூத்தை நடத்தி முடிக்கும்போது, 'யாரிடமும் கற்காமலே இவ்வளவு செய்கிறாரே!' என்று படித்தவர்கள் வியப்பதுண்டு. பாராட்டாகத் தோன்றும் இவ்வியப்பினுள் பெரும் பிழையொன்று மறைந்துள்ளது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் உள்ளிட்ட மலையகத் தோட்டப் பகுதிகளில் மாசி மாதத்தில் லயத்து மக்கள் காமன் கம்பம் ஊன்றிக் கூத்தாடி வந்துள்ளனர். காமனும் ரதியும் மணப்பதும், சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிவதும், ரதி புலம்புவதும், காமன் மீண்டெழுவதும் அதன் கதை. வாத்தியார் தமக்கு முந்திய வாத்தியாரின் அருகில் நின்று பாட்டைப் பழகியவர். தப்படிப்பவர் தந்தையின் கையைப் பார்த்துத் தாளம் பிடித்தவர். இங்கே ஆசிரியர் உண்டு, மாணாக்கர் உண்டு, பாடமும் உண்டு. இல்லாதது சான்றிதழ் ஒன்றே.

அமெரிக்காவிலும் இதே பிழை நேர்ந்ததைக் காண்கிறோம். அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்தில், பருத்திப் பண்ணை அடிமைகளின் வழிவந்த பெண்கள் பழைய வேலையுடுப்புகளைத் துண்டாக்கித் தைத்த போர்வைகள், 2002இல் நியூயோர்க்கின் விற்னி அருங்காட்சியகச் சுவர்களில் ஏறின. குளிருக்காகத் தைத்தவை கலைப்படைப்புகள் எனப் போற்றப்பட்டன. அப்பெண்களையும் 'தாமே கற்ற கலைஞர்' வரிசையிலேயே வைத்தனர். தாயிடம் மகள் கற்றதும், அவளிடம் அவள் மகள் கற்றதும் கல்வியன்றோ? பள்ளியின் கதவை அடைத்த சமுதாயம், உள்ளே வராதவரைத் 'தாமே கற்றவர்' என அழைத்துத் தன் குற்றத்தை மறைத்துக்கொள்கிறது.

நம் விமர்சனமும் இதற்கு விலக்கன்று. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றினார். மட்டக்களப்புக் கூத்துக்கு அது தந்த மதிப்பு மகத்தானது. ஆயினும் பேராதனைக்கு அண்மையிலுள்ள தேயிலை மலைகளின் கூத்து அத்தகைய மதிப்பைப் பெறவில்லை. மலையகப் பாடல்களைத் தொகுத்தளித்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் மிகச் சிலரே.

இக்கலை நலிந்ததற்கு மக்களின் அக்கறையின்மையே காரணம் என்பாருமுளர். 1948இல் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. வாத்தியார் கப்பலேறி, மாணாக்கன் லயத்தில் எஞ்சினால் பாடம் எவ்வாறு தொடரும்?

பாரம்பரியத்தைப் போற்றுவோர் இன்னொன்றையும் ஒளிக்கலாகாது. தப்பு, சாதியின் பெயரால் ஒருசாரார் கையில் திணிக்கப்பட்ட கருவி. அதனைத் தொட மறுக்கும் இளைஞனைக் கலைத்துரோகி என்பது அநீதி. அவன் வெறுப்பது தாளத்தையன்று. அதனோடு கட்டப்பட்ட இழிவையே.

ஆகவே நம் கடமை வியப்பதோடு முடிவதன்று. பாடல்களைப் பாடியவர் பெயரோடு பதிவுசெய்தல் வேண்டும். கூத்து வாத்தியாரைத் தோட்டப் பாடசாலைக்கு ஊதியத்தோடு அழைத்து, ஆசிரியர் என்றே மதித்தல் வேண்டும். தப்பை எல்லாச் சாதிப் பிள்ளைகளின் கைகளுக்கும் கொடுத்தல் வேண்டும். அந்நாளில், காமன் கூத்து எவரும் விரும்பிக் கற்கும் கலையாகும். அதனைக் காத்துவந்தோர் எவரிடம் கற்றனர் என்பதும் வரலாற்றில் எழுதப்படும்.