இரண்டு பக்கமும் வெறுத்த இசைத்தட்டு

எந்தப் படைப்பைக் கையில் எடுத்தாலும் ‘இதுல அரசியல் எங்க இருக்கு?’ என்று கேட்கிற ஆள் நான். போன வருடம் எங்கள் வாசகர் வட்டத்தில் நண்பன் ஒருவன் தன் சிறுகதையை வாசித்தான். பசார் மாலாமில் கைப்பேசி பழுது பார்க்கும் பையனைப் பற்றிய கதை. பாதி தமிழ், பாதி மலாய், நிறைய கிண்டல், நடுவே ஒரு விநோதக் கனவு. நான்தான் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அவன் கதை எதையும் கொண்டு வரவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு இசைத்தொகுப்பை மட்டும் அனுப்பி, ‘கேட்டுப் பாரு’ என்றான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தொகுப்பின் பெயர் ‘த்ரோப்பிகாலியா’. கூடவே ‘அப்பமும் சர்க்கஸும்’ என்று பொருள்படும் ஒரு லத்தீன் தொடர், அட்டையில் எழுத்துப்பிழையோடு. 1968 மே மாதம் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் பதிவானது. கயேட்டானோ வெலோசோ, ஜில்பெர்ட்டோ ஜில், கால் கோஸ்டா, நாரா லெயாவ், டோம் ஸே, ஓஸ் முட்டான்டெஸ் என்ற ராக் குழு, கவிஞர்கள் டோர்குவாட்டோ நெட்டோ, கப்பினான், எல்லோரையும் ஒட்டவைத்த இசைக்கோப்பாளர் ரொஜேரியோ டுப்ராட். 12 பாடல்கள். நாட்டில் ராணுவ ஆட்சி தொடங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வருடம் பின்னால் போக வேண்டும். 1967 ஜூலை 17. சாவ் பாவ்லோ தெருவில் ஓர் ஊர்வலம். எதிர்ப்பு மின்சார கித்தாருக்கு! கித்தார் அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் கருவி, நம் இசையைக் கெடுக்க வந்தது என்பது வாதம். பெரிய பாடகர்கள் நடந்தார்கள். ஜில்லும் நடந்தார். கயேட்டானோவும் நாராவும் ஒரு ஹோட்டல் ஜன்னலில் நின்று அதை மனக்கசப்போடு பார்த்தார்கள். மூன்றே மாதத்தில், அக்டோபர் மாதத் தொலைக்காட்சிப் பாடல் போட்டியில், அதே ஜில் ஓஸ் முட்டான்டெஸின் மின்சார கித்தாரோடு மேடை ஏறினார். இரண்டாம் பரிசும் வாங்கினார். மனிதர் மனம் மாறுவது இவ்வளவு சீக்கிரம் நடக்கக்கூடும் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பொறியியல் படித்தவன் என்பதால் என் கண் முதலில் போனது கருவிகள் மேல். ஓஸ் முட்டான்டெஸ் சகோதரர்கள் அர்னால்டோ, செர்ஜியோ இருவருக்கும் மூத்தவர் கிளாவ்டியோ சேசர். வெளிநாட்டுக் கருவிகளுக்கு யானை விலை. அவர் கித்தார், ஆம்ப்ளிஃபயர், ஒலியைக் கரகரக்க வைக்கும் பெடல் எல்லாவற்றையும் தானே செய்தார். தையல் மெஷின் மோட்டாரை வைத்துக்கூட ஒரு பெடல் செய்திருக்கிறார். அதே குழுவின் முதல் தொகுப்பில் ரீட்டா லீ பூச்சிமருந்து அடிக்கும் ஃப்ளிட் பம்பைத் தாளக்கருவியாக வாசித்தார். 1928-இலேயே ஆஸ்வால்ட் டி அன்ட்ராடே என்ற கவிஞர், அந்நியப் பண்பாட்டை விரட்டவும் வேண்டாம், வணங்கவும் வேண்டாம், தின்று செரித்துவிடுவோம் என்று ஓர் அறிக்கை எழுதியிருந்தார். இந்த இளைஞர்கள் கொடி பிடித்தது அதற்குத்தான். ஆனால் அந்தக் கொள்கையை எனக்கு விளங்கவைத்தது அறிக்கை இல்லை, அந்த மோட்டார்தான்.

இனி பாடல்கள். முதல் பாட்டு தேவாலய ஆர்கன் ஒலியோடு தொடங்குகிறது. முடியும்போது, பள்ளிப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல மூன்று சொற்களை உடைத்து உடைத்துச் சொல்கிறார்கள்: பிரேசில், துப்பாக்கி, பீரங்கி. அவ்வளவுதான். கண்டனம் கிடையாது, கோஷம் கிடையாது. ஒரு பாலபாடம், பிறகு பீரங்கிச் சத்தம். தணிக்கை அதிகாரி இதில் எந்த வரியை அடிப்பார்?

ஓஸ் முட்டான்டெஸ் பாடும் தலைப்புப் பாட்டில் நடுவே இசை இழுபட்டு நின்றுபோகிறது, யாரோ மின்செருகியைப் பிடுங்கியதுபோல. முதல் தடவை என் ஹெட்ஃபோன் கெட்டுப்போச்சு என்றே நினைத்தேன். பிறகு தட்டு, கரண்டிச் சத்தம். பின்னணியில் வால்ஸ் இசை. ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வெளியே என்ன நடந்தாலும் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

‘பாட் மக்கும்பா’ பாட்டில் பேட்மேனும் ஆப்பிரிக்க வழிபாட்டுச் சடங்கும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. ஒவ்வோர் அடியிலும் ஓர் அசை உதிர்கிறது, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது. எழுதிப் பார்த்தால் வௌவாலின் இறக்கை மாதிரி இருக்கும். நம் சித்திரகவிக்காரர்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள்.

என்னை உண்மையிலேயே திணறவைத்தது வேறொரு பாட்டு. காதலி கேட்டாள் என்று தாயின் இதயத்தை அறுத்து எடுத்துக்கொண்டு ஓடுகிறான் மகன்; வழியில் தடுக்கி விழுகிறான்; இதயம் ‘அடிபட்டதா மகனே?’ என்று கேட்கிறது. இந்தக் கதையை நாமெல்லாம் தமிழில் எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்! பிரேசிலில் அது விசென்டே செலஸ்டினோ பாடிய 1937-ஆம் ஆண்டுப் பாட்டு. படித்தவர்கள் சிரிக்கும் அழுகாச்சிப் பாட்டு. கயேட்டானோ அதைக் கிண்டலடிக்காமல், தாழ்ந்த குரலில், டுப்ராட்டின் கனமான வயலின்களுக்கு நடுவே பாடுகிறார். சிரிக்கத் தயாராக இருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் வெட்கப்பட்டு ஒளித்துவைத்த ரசனையை ஒருவர் மேசைமேல் எடுத்து வைத்த மாதிரி இருந்தது.

குறைகளும் உண்டு. கொலம்பஸின் மூன்று கப்பல்களைப் பற்றிய பாட்டு ஒருமுறை சிரிக்கவைக்கும். மூன்றாவது முறை தாண்டிப் போய்விடுவேன். இதைவிடப் பெரிய கேள்வியை 1970-இல் விமர்சகர் ரொபெர்ட்டோ ஷ்வார்ஸ் எழுப்பினார். பழமையையும் நவீனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் இந்த முறை, நாட்டின் அபத்தத்தை மாறாத தலைவிதியாகக் காட்டிவிடாதா? வரலாறு எங்கே, மாற்றம் எங்கே? நியாயமான கேள்வி. கயேட்டானோவின் ஒரு பாட்டில் எக்காளம் ‘இன்டர்நேஷனல்’ என்ற உழைப்பாளர் கீதத்தை ஓரிரு கணம் வாசித்து மறைகிறது. அது நம்பிக்கையா, நையாண்டியா என்று பத்து முறை கேட்டும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. ஷ்வார்ஸ் அதைப் பலவீனம் என்பார். ராணுவ ஆட்சியில் வாழும் ஒருவனின் மனம் அப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஷ்வார்ஸ் வாதத்தோடு வந்தார். மாணவர்கள் கூச்சலோடு வந்தார்கள். 1968 செப்டம்பரில் ஒரு பாடல் போட்டியில் கயேட்டானோவும் ஓஸ் முட்டான்டெஸும் மேடை ஏறியபோது இடதுசாரி மாணவர்கள் ஊளையிட்டார்கள், முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். கயேட்டானோ பாட்டை நிறுத்திவிட்டு அவர்களைத் திட்டித் தீர்த்தார். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாடகக் குழுவை அடித்து நொறுக்கிய வலதுசாரிக் கும்பலுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். கலையில் இப்படி இருப்பவர்கள் அரசியலிலும் இப்படித்தான் இருப்பீர்கள் என்றால் நாடு தொலைந்தது என்றார்.

அந்த அரங்கில் நான் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

இவர்கள் ஆபத்தானவர்கள் என்பது ராணுவத்துக்கு மட்டும் விளங்கிற்று. டிசம்பர் 13 அன்று ஐந்தாம் நிறுவனச் சட்டம் வந்தது, நாடாளுமன்றம் மூடப்பட்டது. டிசம்பர் 27 அன்று கயேட்டானோவும் ஜில்லும் கைதானார்கள். தலையை மழித்தார்கள். சிறை, பிறகு சல்வடோரில் ஊர்க்காவல், 1969-இல் லண்டனுக்கு நாடுகடத்தல். 1972-இல்தான் திரும்பி வந்தார்கள். அதே வருடம் டோர்குவாட்டோ நெட்டோ தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு 28 வயது. எனக்கும் ஏறக்குறைய அதே வயது.

கைப்பேசிக் கடைப் பையனின் கதையை மறுபடி அனுப்பச் சொல்லி நண்பனுக்கு எழுதினேன். ‘எதுக்கு?’ என்று கேட்டான். ‘அன்னைக்கு நான் சரியா கேக்கல’ என்றேன். இன்னும் அனுப்பவில்லை.