சுவர் நகர்ந்த வீடு

மன்னர் வாழ்ந்த மாளிகை காட்சியகமாவதுண்டு. மடாதிபதி தங்கிய மனையும் ஆவதுண்டு. கணவனை இழந்து, மூன்று குழந்தைகளுடன் நின்ற ஒரு பெண், இனி எப்படி வாழ்வது என்பதைத் தாமே முடிவு செய்து கட்டிக்கொண்ட வீடு காட்சியகமாவது அரிதினும் அரிது. நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில், பிரின்ஸ் ஹென்ட்ரிக் சாலையில், அத்தகைய வீடொன்று நிற்கிறது. 1924இல் எழுந்தது. அதனைக் காணச் சென்றோம்.

வரிசையாக நிற்கும் செங்கல் வீடுகள் முடியும் இடத்தில், அவற்றோடு ஒட்டியும் ஒட்டாமலும் அது நிற்கிறது. வெள்ளையும் சாம்பலுமாகத் தனித்தனிப் பலகைகள் ஒன்றோடொன்று மோதாமல் மிதப்பன போன்ற தோற்றம். ஆங்காங்கே சிவப்பு, மஞ்சள், நீலக் கோடுகள். 1917இல் தொடங்கிய 'டி ஸ்டெய்ல்' ஏட்டைச் சுற்றித் திரண்ட கலைஞர்கள் போற்றிய வண்ணங்கள் அவை. கலை நூல்கள் இந்த வண்ணங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. எழுதட்டும். நம்மைப் பிடித்து நிறுத்தியது வண்ணமன்று, மாடி.

மாடியிலே நிலையான அறைகள் இல்லை எனலாம். பகலில் அது ஒரே கூடம். இரவு வந்ததும் தடுப்புகளை இழுத்தால் மகனுக்கு ஓர் அறை, மகளிர் இருவருக்கு ஓர் அறை, அமர்ந்து பேச ஓர் அறை. வழிகாட்டி தடுப்புகளை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டுகையில், அதுவரை கூடமாயிருந்தது கண்ணெதிரே பல அறைகளாகப் பிரிகிறது. மூலைச் சன்னலைத் திறந்தாலோ மூலையே மறைந்துபோகிறது; அங்கே தூண் கிடையாது. அன்றைய கட்டட விதிகள் இப்படியொரு தளத்தை ஏற்கவில்லை. ஆகவே வரைபடத்தில் அதனைப் 'பரண்' என்று குறித்து இசைவு பெற்றனர்! விதி பரணைப் பார்த்தது. வீட்டார் வாழ்வைப் பார்த்தனர்.

இதனை எண்ணியவர் யார்? ட்ரூஸ் ஷ்ரோடர். குழந்தைகளை எப்படி வளர்ப்பது என்பதில் வழக்கறிஞரான கணவரோடு அவருக்குக் கருத்து வேற்றுமை இருந்தது. 1923இல் கணவர் இறந்தார். குழந்தைகள் மூலையில் ஒதுக்கப்படக் கூடாது, பெரியவர் பேச்சைக் கேட்டு, கலந்து பேசி வளர வேண்டும் என்பது அந்தத் தாயின் துணிபு. ஒவ்வோர் அறையிலும் கட்டிலை இரண்டு வகையாகவேனும் போட முடிய வேண்டும்; தண்ணீர் வந்துபோக வழி வேண்டும்; வெளியே செல்லக் கதவு வேண்டும் என்று கேட்டவரும் அவரே. கெரிட் ரீட்வெல்ட் அதற்கு வடிவம் தந்தார். தச்சரின் மகன், பதினொன்றாம் வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் பட்டறைக்குச் சென்றவர், நாற்காலி செய்து பெயர் பெற்றவர். முழு வீடொன்றை அவர் கட்டியது அதுவே முதன்முறை. மரப்பட்டறையில் பழகிய கைதான் சுவரையும் பலகையாய் எண்ணி நகர்த்தத் துணிந்தது போலும்.

2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே உள்ள குறிப்பு, கட்டச் சொன்னவர் ஷ்ரோடர், வடிவமைத்தவர் ரீட்வெல்ட் என்று பிரித்துச் சொல்கிறது. கட்டச் சொன்னவராம்! காசு கொடுத்துவிட்டுக் காத்திருந்தவரா அவர்? இருவரும் கூடி எண்ணிய வீட்டில் எண்ணம் ஆணுக்கும் செலவு பெண்ணுக்கும் என்று எழுதியது யாருடைய பேனா? எதிரே எராஸ்மஸ் சாலையில் 1931இல் எழுந்த வரிசை வீடுகளிலும் ட்ரூஸின் பங்கு உண்டு. ஆயினும் நெடுங்காலம் நூல்களில் அவர் வாடிக்கையாளராகவே வந்து போனார்.

புகழ்ந்துவிட்டுப் போவது நம் வேலையன்று. மாடியில் சுவர் நகர்கிறது; கீழே நகரவில்லை. அடுக்களை கீழே, சமைத்ததை மேலே அனுப்ப ஒரு சிறு தூக்கி. வரைபடத்தில் பணிப்பெண்ணுக்கென ஓர் அறையும் கீழ்த்தளத்தில்தான். மேல்தளத்தின் சமத்துவம் படிக்கட்டில் இறங்கி வரவில்லை. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ரீட்வெல்டும் ட்ரூஸும் காதலர். ரீட்வெல்டுக்கு மனைவியும் ஆறு குழந்தைகளும் இருந்தனர். மனைவி 1957இல் இறந்த பின்னரே அவர் இந்த வீட்டுக்குக் குடிவந்து, 1964இல் மறையும்வரை இருந்தார். அந்த மனைவிக்கு எந்தச் சுவர் நகர்ந்தது? புதுமையின் வரலாற்றில் அவருக்கும் ஒரு வரி உண்டென்றே நாம் கருதுகிறோம்.

காட்சியகத்தார்மீதும் ஒரு குறை. ட்ரூஸ் இங்கே அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார். குழந்தைகள் வளர்ந்து பிரிந்தனர், தேவை மாறியது, வீடும் மாறியது. 1985இல் அவர் மறைந்தபின் பழுதுபார்த்தபோது, பெர்ட்டஸ் முல்டர் எனும் கட்டடக் கலைஞர் அதனை 1920களின் தோற்றத்துக்கே மீட்டார். திறம்பட மீட்டார், ஐயமில்லை. ஆனால் மாறுவதற்கென்றே பிறந்த வீட்டை முதல் நாளின் அழகிலே உறையவைத்தால், மூப்பும் தனிமையும் கண்ட அந்தப் பெண் அதில் எப்படி வாழ்ந்தார் என்பதை எங்கே தேடுவது? தடுப்புகள் இன்றும் நகர்கின்றன, பார்வையாளருக்காக நகர்கின்றன.

சன்னலருகே நின்றோம். வீடு எழுந்த நாளில் நகரம் இங்கே முடிந்தது, அப்பால் வயல்வெளி. 1960களில் அந்த வெளியை மறித்து உயர்த்திய நெடுஞ்சாலை வந்தது. காட்சி போனபின் வீடு எதற்கு, இடித்துவிடலாம் என்பது ரீட்வெல்டின் எண்ணம். ட்ரூஸ் இடிக்கவிடவில்லை. சாலை இரைந்துகொண்டிருக்க, மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வாழ்ந்தார். மகள் ஹன், தாயைப் பார்த்து வளர்ந்தவர், கட்டடக் கலைஞரானார்.