மூக்கும் முழியும்

எங்கள் பக்கத்தில் பெண் பார்த்துவிட்டுக் காரில் ஏறும்போதே தீர்ப்பு வந்துவிடும். "புள்ள மூக்கும் முழியுமா இருக்குதுங்க" என்று ஒரு பெரியம்மா சொல்லிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. நிறத்தைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம், பட்டிமன்றம்கூட நடத்திவிட்டோம். மூக்கைப் பற்றிப் பேசியதில்லை. பிறந்தபடிதான் இருக்கும் என்று நினைத்துவிட்டோம் போல.

என்னிடம் முதுகலை படித்த பெண் ஒருத்தி சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்தாள். கோபிப் பக்கம் ஊர், இப்போது துபாயில் வேலை. மூக்கை அறுவை செய்துகொள்ள இஸ்தான்புல் போகிறாளாம். கார், விடுதி, அறுவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை. "பத்து நாள் லீவு போதுங்க மேடம், அதுக்குள்ள கட்டுப் பிரிச்சிருவாங்க." வரப்போகும் மூக்கைக் கைப்பேசியில் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. "இப்ப இருக்கறது எங்க அமுச்சி மூக்குங்க" என்று சிரித்தாள். பிறகு, "தப்புங்களா மேடம்?"

எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் வகுப்பில் சூர்ப்பணகைப் படலம்.

வான்மீகத்தில் சூர்ப்பணகை தன் உருவத்தோடே இராமன் முன் வந்து நிற்கிறாள். கம்பன்தான் அவளைப் பேரழகியாக மாற்றி அனுப்புகிறான். எந்தக் கண்ணுக்கு எந்த உடல் வேண்டும் என்று அறிந்து, அந்த உடலை அவள் செய்துகொள்கிறாள். அவள் நடந்து வரும் பாட்டின் ஓசைக்காக அதை மாணவிகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். இருபது ஆண்டுகளாக நானும் சொல்லியிருக்கிறேன். அடுத்து வருவது கத்தி. சீதையைப் பற்றப் போனாளே என்பார்கள் உரைகாரர்கள். சரி, போனாள். வான்மீகி மூக்கோடும் காதோடும் நிறுத்திக்கொண்ட தண்டனை கம்பனிடம் முலைக்காம்பு வரை நீள்வானேன்? ஓர் ஆணின் கண்ணுக்காக உடலைத் திருத்தி வந்தபோது கவி தன் சிறந்த சந்தத்தைக் கொடுத்தான். அதே உடல் தனக்கென்று ஒன்றைக் கேட்டதும் வெட்டத் தகுந்ததாயிற்று. அவமானப்பட்டவரை "மூக்கறுபட்டான்" என்று இன்றும் சொல்கிறோம்.

இது காவியத்தோடு நிற்கவில்லை. 1650களில் மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கியபோது ஆண், பெண், குழந்தை என்று பாராமல் மூக்கறுத்ததை ஏசு சபைப் பாதிரியார்களின் கடிதங்கள் சொல்கின்றன. திருமலை நாயக்கர் தரப்பும் திருப்பி அறுத்தது. அறுத்த நாட்டில்தான் ஒட்டவும் தெரிந்திருந்தது. திப்புவின் ஆட்களிடம் மூக்கிழந்த கோவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்குப் புனே அருகே நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு வைத்த செய்தி 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்தது. வைத்தவர் செங்கல் அறுக்கும் சாதிக்காரர். அதைப் படித்துத்தான் 1814இல் கார்ப்பியூ லண்டனில் செய்து பார்த்தார். மூக்கு வைக்கும் வித்தை இங்கிருந்து கப்பலேறியது. இன்றும் மேட்டுப்பாளையம் சாலையில் கங்கா மருத்துவமனைக்கு, துண்டான கையை ஒட்டக் கற்றுக்கொள்ள வெளிநாட்டு மருத்துவர்கள் வருகிறார்கள். நம் பெண் இஸ்தான்புல்லுக்கு விமானம் ஏறுகிறாள்.

இழந்த மூக்கை மீட்பது வேறு, இருக்கும் மூக்கை மாற்றுவது வேறு. இரண்டாவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அது எங்கிருந்து வந்தது? மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கு என்றார்கள் வெள்ளைக்கார மானிடவியலாளர்கள். மூக்கு அகல அகலச் சாதி தாழும் என்று ரிஸ்லி எழுதினார். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் தர்ஸ்டன் நம் ஆனைமலைக் காடர் வரைக்கும் வந்து அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவர் நூலை இன்றும் சாதிப் பெருமை பேசுகிறவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே காலத்தில் பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற யூத மருத்துவர் மூக்கைச் சிறிதாக்கிக்கொண்டிருந்தார். யூதர் என்று தெரியாமல் தெருவில் நடக்க வேண்டும் என்று வந்தவர்களும் அவரிடம் இருந்தார்கள். "கூர் மூக்கு" என்று நம் தரகர் சொல்லும்போது அவர் வாயில் தர்ஸ்டனின் அளவுகோலும் இருக்கிறது.

இதையெல்லாம் அவளிடம் சொல்லித் தடுத்திருக்கலாம்தான். ஆனால் அமுச்சி மூக்கைச் சுமந்து வரலாற்றைக் காப்பாற்று என்று அவளுக்குக் கட்டளையிட நான் யார்? என் தலைமுடிக்கு மாதம் தவறாமல் சாயம் அடிக்கிறேன். அறுவை செய்துகொண்டதை 2020இல் ஒளிக்காமல் சொன்ன சுருதி ஹாசன்மீது எனக்கு மரியாதை உண்டு. மூச்சுக் கோளாறு என்று காரணம் சொல்லி ஒதுங்கிக்கொள்ளாமல், அழகுக்காகவும்தான் என்றார். செய்ததை மறைத்து "பிறவி அழகு" என்று விற்கும் சினிமாவைவிட அது நேர்மை. "என் உடல், என் உரிமை" என்ற வாதத்தோடுதான் எனக்குச் சண்டை. உரிமை அவளுடையது, சரி. அவள் காட்டிய புதுமூக்கு ஏன் அவள் தோழிகள் காட்டிய மூக்குகளைப் போலவே இருக்கிறது?

அவளிடம் ஒன்றுதான் கேட்டேன், "யார் பார்க்கறதுக்கும்மா?"

"கண்ணாடியில நாந்தானுங்க மேடம் பாக்கறேன்."

அந்தப் பதிலை மடக்க என்னிடம் கோட்பாடு இருக்கிறது. மடக்கவில்லை. முழு வீக்கமும் வடிய ஓராண்டு ஆகும், அப்போது கோணல் தெரிந்தால் இஸ்தான்புல் மருத்துவர் பக்கத்தில் இருக்கமாட்டார், என்ன செய்தார் என்ற குறிப்பைக் கையெழுத்தோடு வாங்கி வா என்றேன். தலையாட்டினாள். அறுவைக்கு முன் மூக்குத்தியைக் கழற்ற வேண்டுமாம். அமுச்சி போட்டுவிட்டது, பதினோரு வயதிலிருந்து கழற்றியதில்லை, திருகு இறுகிப்போயிருக்கிறது. ஆர். எஸ். புரத்தில் நல்ல ஆசாரி யாராவது தெரியுமா என்று கேட்டாள். கூட்டிப்போனேன்.