சாட்விக் அறிக்கையில் காணாமல் போன பசி

எட்வின் சாட்விக்கின் 1842 சுகாதார அறிக்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் எண்கள் சில உண்டு. மான்செஸ்டரில் இறந்தவர்களின் சராசரி வயது: மேல்தட்டுக் குடும்பங்களில் 38, வணிகர் குடும்பங்களில் 20, தொழிலாளர் குடும்பங்களில் 17. ரட்லண்ட் கிராமப்புறத்தில் இதே வரிசையில் 52, 41, 38. அதாவது மான்செஸ்டர் கனவானுக்கும் ரட்லண்ட் கூலியாளுக்கும் ஒரே கணக்கு! படிக்கிறவங்களுக்குத் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும்.

ஆனா இந்த எண்களை அப்படியே விழுங்கிட முடியாது. 17 என்றால் தொழிலாளிகள் 17 வயதில் செத்தாங்கன்னு அர்த்தமில்லை. ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள்தான் சராசரியைக் கீழே இழுக்கிறார்கள். குழந்தைகள் அதிகம் உள்ள ஊரில், மற்றதெல்லாம் சமமாக இருந்தாலும், இந்தச் சராசரி குறைவாகவே வரும். காப்பீட்டுக் கணக்கியலாளர் நீசன் 1844-இலேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். மான்செஸ்டர் கொடுமையான ஊர் என்பதில் சந்தேகமில்லை. அதை அளந்த கோல்தான் கோணல்.

என்னுடைய பெரிய குறை வேறு. அறிக்கையில் பக்கம் பக்கமாக மலக்குழி, தேங்கிய சாக்கடை, காற்றோட்டமில்லாத நிலவறை வீடுகள். அழுகலிலிருந்து எழும் நச்சுக்காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்பது சாட்விக்கின் முடிவு. தீர்வும் அதற்கேற்ப: குழாய், தண்ணீர், வடிகால். எடின்பரோ மருத்துவர் அலிசன் அப்போதே வேறு மாதிரி வாதாடினார். வறுமைதான் காய்ச்சலைப் பரப்புது, முதல்ல ஏழைகளின் வயிற்றுப்பாட்டைக் கவனிக்கணும் என்பது அவர் கட்சி. அறிக்கையில் அந்த வாதத்துக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

ஏன்? 1834 ஏழைச் சட்டத்தை வடிவமைத்தவர்களில் சாட்விக் முக்கியமானவர். உதவி வேணும்னா ஏழைகள் விடுதிக்குள்ள வா என்ற கொள்கையில் நின்ற சட்டம் அது. பசியும் ஒரு மரணக் காரணம் என்று ஒப்புக்கொண்டால் அவருடைய சட்டமே கூண்டில் ஏற வேண்டியிருக்கும். புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் பட்டினியை மரணக் காரணமாகப் பதிந்தபோது சாட்விக் அவரோடு மல்லுக்கு நின்றதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

வடிகால் உயிர் காத்தது உண்மை. 1848 பொதுச் சுகாதாரச் சட்டத்துக்கு வித்திட்டது இந்த அறிக்கைதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. குழாய் போடவே வரி கட்டுகிறவர்கள் முரண்டு பிடித்தார்கள். கூலியைப் பற்றிப் பேசியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனா, நோயை முழுக்கப் பொறியாளர் கையில் ஒப்படைத்தபோது, அரைவயிற்றுக் கூலி கொடுத்தவர் மேல் யாரும் விரல் நீட்டாமலே போயிற்று. சாட்விக்கைப் படிக்கிறவங்க, அலிசனையும் பக்கத்தில் வெச்சுக்கிட்டுப் படிங்க.