ஆப்டிபிளெக்ஸ் 7060: மடவளைக் கரண்டில் ஒரு பாவித்த கணினி

கணினி வாங்கப் போகிறவர்கள் முதலில் வேகத்தைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். எங்கள் மடவளைப் பக்கத்தில் ஒரு கணினியின் ஆயுளை நிர்ணயிப்பவை கரண்டும் ஈரமும். மகளின் உயர்தரப் படிப்புக்காக நாங்கள் வாங்கிப் பாவித்துவரும் டெல் ஆப்டிபிளெக்ஸ் 7060ஐ அதனால் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன்: பழுது வந்தால் அதன் காரணத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடிகிறதா? முடிகிறது. இந்த இயந்திரத்தை நான் மனதார விரும்புவதற்கு அதுவே காரணம்.

2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டதும், 200 ரூபாவைச் சற்றுத் தாண்டியிருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. புதுக் கணினி சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத பொருளாகிவிட்டது. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட இயந்திரங்கள்தான் பலருக்குக் கைகொடுத்தன. 7060 வெளிவந்தது 2018இல். அதன் எட்டாம் தலைமுறை ஐ5-8500 சிப்பில் ஆறு கோர்கள் உண்டு. சூம் வகுப்பு, எக்செல், இருபது தாவல் திறந்த பிரவுசர் எல்லாவற்றையும் முனகாமல் இழுக்கிறது.

வாங்கும்போது தலைமுறையைப் பாருங்கள். இதற்கு முந்திய 7050 வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய இதே பெட்டிதான். ஆனால் உள்ளே ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறைச் சிப். விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0ம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. சில ஆயிரம் குறைவு என்று 7050ஐ எடுத்தால் அந்த இலாபம் நிலைக்காது. பெட்டியில் ஒட்டியிருக்கும் ஏழு எழுத்துச் சேவிஸ் டேக்கை டெல் தளத்தில் போட்டுப் பாருங்கள். எப்போது அனுப்பப்பட்ட இயந்திரம், உள்ளே ஆரம்பத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் கடை வாசலிலேயே தெரிந்துவிடும்.

இனிக் கரண்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இதன் இரும்பு உடம்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறும். கணினி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. வயரிங் பார்க்கும் தம்பி பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "நானா, இந்த அடெப்டர்ல ஏர்த்தே இல்ல" என்றார். பழைய வீடுகளில் உருண்டைத் துளைச் சொக்கெட். இறக்குமதியாகும் வயரில் வேறு வகைப் பிளக். இரண்டையும் இணைக்க நாம் வாங்கும் மலிவு அடெப்டர்கள் சிலவற்றில் இரண்டு கம்பிதான். கணினியின் பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை ஏர்த்துக்கு அனுப்பும் சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. ஏர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவுக்குப் போக்கிடம் கிடையாது. பெட்டியின் உடம்பிலேயே நிற்கும். அந்தச் சுருக் சிறியது, ஆளைக் கொல்லாது. ஆனால் நாளைக்கு உள்ளே உண்மையான பழுது வந்து 230 வோல்ட் பெட்டியில் ஏறினால், தொடுகிற பிள்ளையின் உடம்புதான் ஏர்த் கம்பியாகும். அதற்குப் பிறகுதான் ட்ரிப் ஸ்விட்ச் விழும். ஏர்த் சரியாக இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். ஆகவே கணினிக்கு ஒதுக்கும் காசில் முதல் பங்கு சதுரத் துளைச் சொக்கெட்டுக்கும் நல்ல ஏர்த்துக்கும் போகட்டும். ரேமும் எஸ்எஸ்டியும் அதற்குப் பிறகு.

அடுத்த பழுது எல்லாரையும் குழப்பியது. கரண்ட் போய் வந்தால் இணையத்தளங்கள் திறக்காது. பாதுகாப்பில்லாத இணைப்பு என்று பிரவுசர் எச்சரிக்கும். போனில் அதே வைஃபை ஒழுங்காக வேலை செய்யும். திரையின் மூலையில் திகதியைப் பார்த்தால் பல வருடம் பின்னால் நிற்கிறது. மதர்போர்ட்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பெட்டரி செத்துவிட்டது. சுவரிலிருந்து கரண்ட் வந்துகொண்டிருக்கும்வரை கடிகாரம் அந்தக் கரண்டிலேயே ஓடும், பெட்டரி செத்தது தெரியாது. கரண்ட் போனால்தான் குட்டு வெளிப்படும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை என்றுதான் செல்லும். கணினி பழைய காலத்தில் நின்றால் அதன் கணக்கில் எல்லாச் சான்றிதழும் செல்லாதவை. மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கும் 3 வோல்ட் பெட்டரி ஒன்றோடு காரியம் முடிந்தது. பாவித்த கணினி வாங்கினால் அன்றைக்கே இதை மாற்றிவிடுங்கள்.

இயந்திரம் அறவே எழும்பாவிட்டால் பவர் பட்டன் பேசும். செம்மஞ்சளில் இரண்டு, வெள்ளையில் மூன்று என்று மின்னினால் ரேம் தென்படவில்லை. இரண்டும் நான்குமென்றால் ரேம் பழுது. மூன்றும் ஒன்றுமென்றால் மேலே சொன்ன பெட்டரி. மழை மாதங்களில் எங்களுக்கு வருவது ரேம் குறிதான். வயரைக் கழற்றிவிட்டு, பின்பக்கத் தாழ்ப்பாளை இழுத்தால் மூடி கையோடு வருகிறது, ஸ்குரூ டிரைவர் தேவையில்லை. ரேமை உருவி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்துப் போட்டால் எழும்பிவிடும். ஈரம் படிந்து தொடர்பு மங்குவதுதான் காரணம். மகளே இதைச் செய்கிறாள். பாடப்புத்தகத்தில் படம் பார்த்ததைவிட இதில் அவளுக்கு அதிகம் விளங்கியிருக்கிறது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி கட்டும். அப்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். செப்புத் தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த காலத்தில் மின்னல் அந்த வழியாகவும் நுழைந்தது. ஃபைபர் கண்ணாடி என்பதால் அந்த வாசல் அடைபட்டிருக்கிறது, ரவுட்டரின் அடெப்டர் மட்டும் மிச்சம். 650விஏ யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வேண்டும், வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கு. பயோஸில் ஏசி ரிகவரி என்ற இடத்தில் பவர் ஓஃப் தெரிவு செய்திருக்கிறதா என்றும் பாருங்கள். திரும்பி வரும் கரண்ட் நிதானமாகும்வரை கணினி தானாக எழும்பக் கூடாது.

குறைகளும் உண்டு. பின்னால் டிஸ்பிளே போர்ட்தான், எச்டிஎம்ஐ பெரும்பாலும் இருக்காது. பழைய மொனிட்டர் வைத்திருப்பவர் மாற்றி ஒன்று வாங்க வேண்டும். சிறிய பெட்டி வகையின் பவர் சப்ளை 200 வொட். பெரிய கேம், கனமான வீடியோ எடிட்டிங் என்று நினைப்பவர்களுக்கு இது சரிவராது. அந்தப் பவர் சப்ளையின் வடிவமும் இணைப்பும் டெல்லுக்கே உரியவை, சந்தையில் கிடைக்கும் சாதாரணச் சப்ளை பொருந்தாது. பல்லியும் எறும்பும் சூடு தேடி உள்ளே போகும் எங்கள் வீடுகளில் முதலில் போவதும் அதுதான். கண்டியிலோ பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவிலோ இதை வாங்கினால், அதே கடையில் பாவித்த பவர் சப்ளை ஒன்றையும் விலைபேசி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.