ஓவியமும் கையொப்பமும்

ஓவியமொன்றின் கீழ்மூலையிலே காணப்படும் கையொப்பம் அவ்வோவியத்தின் பகுதியா, அன்றி அதன்மேல் இடப்பட்ட வெறுங் குறிப்பா என்னும் வினா முதற்பார்வையில் அற்பமானதாகத் தோன்றலாம். ஆயின், கலைஞனுக்கும் அவன் படைப்புக்கும், படைப்புக்கும் சந்தைக்கும் இடையிலான உறவுகள் பற்றிய விவாதங்கள் பலவும் இவ்வினாவினுள் அடங்கியுள்ளன. புகழ்பெற்றோரிடம் மாணவர் கேட்டுப் பெறும் ஓட்டோகிராப்பும் கையொப்பமே. காசோலையின் அடியில் இடப்படுவதும் கையொப்பமே. முன்னையது ஒருவரைக் கண்டதன் நினைவு. பின்னையது ஒரு பொறுப்பேற்பு. ஓவியன் தன் படத்தில் எழுதும் பெயர் இவற்றுள் எவ்வகையைச் சார்ந்தது?

தமிழிலக்கிய மாணவருக்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. திருஞானசம்பந்தரின் பதிகங்களுக்கு இறுதியாக அமையும் திருக்கடைக்காப்பிலே பாடியவரின் பெயர் இடம்பெறுவதைக் காணலாம். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளிலே 'குருகுக' என்னும் முத்திரை வருகின்றது. இவை பெயர்ப்பொறிப்புக்களே எனினும், யாப்புக்கும் இசைக்கும் உட்பட்டவை. பெயரைக் களைந்தால் பாட்டின் ஓசை சிதையும். அப்பாடல்கள் அடங்கிய நூலின் முதற்பக்கத்திலே பதிப்பாசிரியர் தம் பெயரை எழுதி ஒருவருக்கு வழங்குவாராயின், அவ்வெழுத்தை அழிப்பதனாற் பாடலுக்கு யாதோர் இழப்பும் நேராது. இவ்வேறுபாட்டை ஓவியத்துக்கும் அளவுகோலாகக் கொள்ளலாம். கையொப்பத்தை அகற்றின் இழக்கப்படுவது படத்தின் அமைப்பா, அதன் பொருளா, அன்றி அதன் விலையா என்று கேட்டல் வேண்டும்.

இவ்வளவுகோலின்படி நோக்குமிடத்துச் சில கையொப்பங்கள் ஐயத்துக்கிடமின்றிக் கலையாகவே அமைகின்றன. யான் வன் ஐக் 1434ஆம் ஆண்டில் வரைந்ததும் இப்போது இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளதுமான அர்னொல்பீனி தம்பதியர் ஓவியம் இதற்குத் தக்க சான்றாகும். அறையின் பின்சுவரிலே, ஒரு குவிவாடிக்கு மேலே, சட்ட ஆவணங்களுக்குரிய அலங்கார எழுத்திலே ஓவியனின் பெயரும் ஆண்டும் காணப்படுகின்றன. ஓவியத்தைத் தான் வரைந்ததாக அன்றித் தான் அங்கு இருந்ததாகவே அவன் எழுதியுள்ளான். கீழேயுள்ள ஆடியிலோ வாயிற்புறத்தில் நிற்கும் இருவரின் உருவங்கள் தெரிகின்றன. இவ்வோவியம் ஒரு திருமணத்துக்குச் சான்றாக வரையப்பட்டதென 1934இல் பனொவ்ஸ்கி முன்வைத்த கருத்துப் பின்வந்த ஆய்வாளர் பலரால் மறுக்கப்பட்டுள்ளது. ஆயினும், எழுத்தும் ஆடியும் இணைந்து ஓவியனைச் சாட்சியாக அறைக்குள்ளேயே நிறுத்துகின்றன என்பதை மறுத்தல் அரிது. அப்பெயரை அழித்தால் படத்திலுள்ள மனிதரில் ஒருவரையே அழித்ததாகும்.

சீன மரபிலே இவ்விணைவு மேலும் இயல்பானது. அங்கு எழுத்தும் ஓவியமும் ஒரே தூரிகையின் தொழில்கள். பாறையை வரைந்த கையே அதன் அருகிலுள்ள வெற்றிடத்திற் கவிதையையும் பெயரையும் எழுதுகின்றது. செந்நிற முத்திரை படத்தின் சமநிலையை நிறைவு செய்கின்றது. இதற்கு மாறான அடக்கமும் அம்மரபில் உண்டு. கி.பி. 1000 அளவில் வாழ்ந்த பான் குவானின் புகழ்பெற்ற மலைக்காட்சி ஓவியத்திலே, இலைகளின் நடுவே மறைந்திருந்த அவனது பெயர் 1958இலேயே கண்டறியப்பட்டது. ஓங்கி நிற்கும் மலையின் முன் மனிதன் எத்துணைச் சிறியவன் என்பதே அவ்வோவியத்தின் பொருள். அப்பொருளுக்கேற்பவே கலைஞனின் பெயரும் இலையோடு இலையாக ஒடுங்கிக் கிடக்கின்றது.

ஆயின், இத்தகைய கையொப்பங்கள் விதிவிலக்குகளே. பெரும்பாலான ஓவியங்களிற் பெயரை மறைத்துவிட்டு நோக்கினும் படம் குறைவதில்லை. அவ்வாறாயின் அவை வெறும் ஓட்டோகிராப்புகள்தாமா? இவ்விடத்தே ஆனந்த குமாரசுவாமியின் நிலைப்பாடு கருதத்தக்கது. மரபுவழிக் கலைஞன் தன் பெயரை நாடாதவன் என்றும், தனிமனிதப் புகழை முதன்மைப்படுத்தல் பிற்கால ஐரோப்பாவின் போக்கு என்றும் அவர் வற்புறுத்தினார். கையொப்பத்தை ஆணவத்தின் அடையாளமாகக் கருதுவோருக்கு இக்கருத்து அரணாக அமைகின்றது. எனினும் அதனை முழுமையாக ஏற்பதற்கு வரலாறு இடந்தரவில்லை. பேலூரிலும் சோமநாதபுரத்திலும் உள்ள ஹொய்சளர் காலச் சிற்பங்களிலே சிற்பிகள் தம் பெயர்களைப் பொறித்துள்ளனர். மல்லிதம்மா என்பானின் பெயர் அவற்றுள் நன்கறியப்பட்டது. தெய்வத்துக்குப் பணிசெய்த கைகளும் தம் பணியைத் தமதெனக் கூற விழைந்தன என்பதற்கு அக்கற்களே சான்று. ஏனைய பலரின் பெயர்கள் கிடைக்காமைக்குக் காரணம் அவர்தம் துறவுள்ளமா, அன்றி அவர்கள் பெயரைப் பொறித்தற்குச் சமூகம் இடமளியாமையா என்பது தனித்து ஆராயத்தக்கது.

கையொப்பத்தின் மூன்றாவது தன்மை இங்கேதான் புலனாகின்றது. அஃது உழைப்பின் உரிமைக்கூற்று. செதுக்குப்படங்கள் அச்சிட்டு விற்கப்படலாயின காலத்தில் இத்தன்மை தெளிவாக வெளிப்பட்டது. அல்பிரெக்ட் டியூரரின் படங்களையும், பெரிய 'ஏ'யின் கால்களிடையே 'டி' அமைந்த அவரது குறியையும் மார்க்கன்தோனியோ ரைமொண்டி அப்படியே பிரதிசெய்தார். டியூரர் வெனிசில் முறையிட்டபோது, அக்குறியைப் பயன்படுத்துதல் மாத்திரமே தடைசெய்யப்பட்டதென வசாரி கூறுவர். 1512இல் நூரம்பேர்க் நகரசபையும், டியூரரின் குறியைப் போலியாகத் தாங்கிய படங்களை விற்றவன் அக்குறிகளை நீக்கவேண்டும் என்றே கட்டளையிட்டது. படத்தைப் பிரதிசெய்யலாம், பெயரைப் பிரதிசெய்யலாகாது என்பதே இவற்றின் உட்கிடை. கலைக்குக் கிடைக்காத பாதுகாப்புக் கையொப்பத்துக்குக் கிடைத்தது. அதனால் ஓவியனின் உரிமை ஓரளவு காக்கப்பட்டதெனினும், பெயரின் மதிப்புப் படத்தின் மதிப்பிலிருந்து பிரிந்து செல்வதற்கும் வழி பிறந்தது.

அப்பிரிவின் கொடுமையை யூடித் லெய்ஸ்டரின் வரலாறு எடுத்துக்காட்டுகின்றது. பதினேழாம் நூற்றாண்டிலே ஒல்லாந்தின் ஹார்லெம் நகரில் வாழ்ந்து, 1633 அளவில் அந்நகர ஓவியர் குழுமத்தில் உறுப்புரிமை பெற்ற பெண் ஓவியர் அவர். அவரது குடும்பப்பெயர் வழிகாட்டும் விண்மீனைக் குறிப்பதாகலின், தம் பெயரின் முதலெழுத்துக்களோடு விண்மீன் ஒன்றை இணைத்துக் குறியாகக் கொண்டார். 1660இல் அவர் மறைந்தபின் அப்பெயர் மெல்லமெல்ல மறக்கப்பட்டது. அவர்தம் படைப்புக்கள் பிரான்ஸ் ஹல்ஸ் முதலியோருடையனவாகக் கொள்ளப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஹல்ஸின் ஓவியமென விற்கப்பட்ட படமொன்று குறித்து இலண்டனிலே கலைவணிகரிடையே வழக்கு எழுந்தது. அதில் லெய்ஸ்டரின் குறி இருப்பதை 1893இல் ஹொவ்ஸ்டெட் த குறூட் என்னும் அறிஞர் நிறுவினார். 1630ஆம் ஆண்டைச் சேர்ந்த அப்படம் இன்று பாரிஸ் லூவர் கூடத்தில் உள்ளது. படத்தின் ஒரு கோடும் மாறவில்லை; ஒரு வண்ணமும் மங்கவில்லை. ஆயினும் ஹல்ஸின் பெயர் அகன்றமை வணிகருக்கு நட்டமாகத் தோன்றிற்று. மறக்கப்பட்ட ஓவியரொருவர் மீட்கப்பட்டமை அவர்களுக்கு ஒரு பொருட்டாகவில்லை.

மேலே கொண்ட அளவுகோலின் குறைபாடும் இவ்விடத்தே வெளிப்படுகின்றது. லெய்ஸ்டரின் விண்மீனை மறைத்தால் அப்படத்தின் அமைப்புக்குக் குறைவேதும் நேராது. ஆயின் அஃது இல்லாதிருந்தால் ஓர் ஓவியரின் வாழ்நாள் உழைப்பே பிறர் கணக்கில் நிலைத்திருக்கும். எனவே, கையொப்பம் கலையாக அமையாதவிடத்தும் அதனை வெறும் நினைவுக்குறியெனத் தள்ளிவிடலாகாது.

இருபதாம் நூற்றாண்டிலே இவ்வினா தலைகீழாகத் திருப்பப்பட்டது. 1917இல் நியூயோர்க்கிலே மார்செல் டுஷாம், கடையில் வாங்கிய சிறுநீர்க்கலம் ஒன்றில் 'ஆர். மட்' என்னும் பெயரையும் ஆண்டையும் எழுதிக் கண்காட்சிக்கு அனுப்பினார். காட்சியாளர் அதனை வைக்க மறுத்தனர். அக்கலத்தைச் செய்தது ஆலைத் தொழிலாளரின் உழைப்பு. கலைஞர் சேர்த்தது பெயர் மாத்திரமே. அப்பெயரும் அவருடையதன்று. ஓட்டோகிராப்பாக இருக்கவே இயலாத ஒரு கற்பனைப் பெயராகையாலேயே, பெயரின் மந்திரசக்தியை எள்ளிநகையாடும் கலைச்செயலாக அது நின்றது. ஆயின் மூலப்பொருள் தொலைந்தபின், 1964இல் அதன் பிரதிகள் செய்யப்பட்டு, அவற்றில் டுஷாமின் சொந்தக் கையொப்பமும் இடப்பட்டது. எள்ளலாகத் தொடங்கியது ஈற்றில் எள்ளப்பட்ட சந்தைக்கே சரக்காயிற்று. சல்வடோர் டாலியோ இன்னும் ஒருபடி சென்று, எதுவும் அச்சிடப்படாத வெற்றுத்தாள்களிலே பெருந்தொகையாகக் கையொப்பமிட்டார். படம் பிறக்குமுன்னரே பெயர் விலையாயிற்று. டுஷாமின் கற்பனைப் பெயர் ஒரு சிந்தனையைத் தாங்கி நின்றது. டாலியின் மெய்ப்பெயர் எதனையும் தாங்கவில்லை. ஓவியக் கையொப்பம் முற்றாக ஓட்டோகிராப்பாகச் சீரழியும் நிலை இதுவேயாகும்.

ஆகவே, ஓவியத்திலுள்ள கையொப்பம் கலையா, ஓட்டோகிராப்பா என்னும் வினாவுக்கு எல்லாப் படங்களுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. படத்தின் பொருளோடு ஒன்றும்போது அது கலையாகின்றது. உழைத்தவரின் உரிமையை நிறுவும்போது சான்றாகின்றது. உழைப்பைப் பிரிந்து தனித்து விலைபெறும்போது வெறும் ஓட்டோகிராப்பாகின்றது. இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிதல் திறனாய்வாளரின் கடன். கண்காட்சிக்குச் செல்லும் ஒருவர் படத்தை நோக்குமுன் அதன் மூலையை நோக்குவாராயின், அவர் வணிகரின் கண்களை இரவல் பெற்றுள்ளார். படத்தை நின்று நோக்கியபின் அம்மூலையை அடைபவருக்கோ அச்சிறு எழுத்துக்கள் மனிதர் ஒருவரை அறிமுகப்படுத்தும். அவ்வறிமுகம் மறுக்கப்பட்டமையாலேயே லெய்ஸ்டரின் விண்மீன் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எவராலும் படிக்கப்படாது கிடந்தது.