வார்சாவை எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

போலந்தின் தலைநகரான வார்சாவின் பழைய நகரச் சதுக்கத்தில், வரிசையாக நிற்கும் வீடுகளின் முகப்புகள் பல நூற்றாண்டுப் பழமையைக் காட்டுகின்றன. அந்தச் சுவர்களில் பெரும்பாலானவை எழும்பியது 1953ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். 1944 ஆகஸ்ட் 1 அன்று நாஜி ஆட்சிக்கு எதிராக வெடித்த எழுச்சி அக்டோபர் 2 அன்று தோல்வியில் முடிந்தது. மிஞ்சிய மக்களை வெளியேற்றிய ஜெர்மானியப் படைகள், நகரத்தைத் தெருத் தெருவாக எரித்தும் வெடிவைத்தும் தகர்த்தன. போரின் முடிவில் ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் கட்டடங்கள் அழிந்திருந்தன. இப்படிப்பட்ட நகரத்தில் வரலாற்றுச் சின்னங்களைப் பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது? வழக்கமான சுற்றுலா இந்தக் கேள்விக்குப் பாதி விடைதான் தருகிறது.

அந்தப் பாதியின் பெருமையை முதலில் சொல்ல வேண்டும். வார்சாவில் நடக்கிற பயணி, கலை ஆவணங்களின் ஆற்றலைக் கண்ணெதிரே காண்கிறார். 18ஆம் நூற்றாண்டில் அரசவை ஓவியராக இருந்த பெர்னார்டோ பெல்லோட்டோ தீட்டிய நகரக் காட்சிகள், பழைய நகரின் விளிம்பில் உள்ள அரச அரண்மனையிலிருந்து தெற்கே செல்லும் அரச வழியின் முகப்புகளை மீட்க உதவின. அந்த ஓவியங்களின் படிகள் இன்று அதே தெருவில் வைக்கப்பட்டுள்ளன. ஓவியத்தையும் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்து ஒப்பிடலாம். பழைய நகருக்கு இன்னும் பெரிய துணையாக இருந்தவை, போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் வீடு வீடாக அளந்து வரைந்த படங்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் அவற்றை மறைத்துக் காப்பாற்றினார்கள். 1945இல் தலைநகர் மறுகட்டுமான அலுவலகம் தொடங்கியபோது, அந்தப் படங்கள் கையில் இருந்தன.

அதனால்தான் 1980இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கல்லின் வயதுக்காகச் சேர்க்கவில்லை. அழிந்ததை முழுமையாக மீட்ட முயற்சிக்காகச் சேர்த்தது. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான யான் சஹ்வாடோவிச், 1964இல் வெனிஸ் சாசனத்தை வகுத்த குழுவிலும் இருந்தார். இடிபாடுகளை ஊகத்தால் மறுபடி கட்டுவதை ஏற்காத சாசனம் அது. ஒரே மனிதர் இரண்டு இடத்திலும் நின்றதை முரண்பாடாக நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றே ஒரு மக்களின் நினைவை அழித்த செயலுக்கு விதிவிலக்கான மறுமொழி தேவைப்பட்டது என்பதே அதன் பொருள். வார்சாவைப் போலிப் பழமை என்று ஒதுக்குகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

குறை தொடங்குவது, இந்தக் கதையைச் சொல்லாமல் அதன் விளைவை மட்டும் காட்டும்போது. புனித ஜான் பேராலயத்தின் செங்கல் முகப்பைப் பார்ப்பவர், இடைக்காலத்திலிருந்து அப்படியே நின்றது என்று நம்பிவிடுகிறார். போருக்கு முன் அங்கிருந்தது 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கோதிக் பாணியில் அமைத்த முகப்பு. மறுகட்டுமானத்தின்போது அதை விட்டுவிட்டு, வட்டார இடைக்காலப் பாணி இப்படி இருந்திருக்கும் என்று கருதிப் புதிதாக வடிவமைத்தார்கள். சதுக்க வீடுகளின் பின்னால் நெருக்கியடித்திருந்த பிற்காலக் கட்டடங்களையும் பல இடங்களில் மீண்டும் கட்டவில்லை, முற்றங்களைத் திறந்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டு வாடகைக் குடியிருப்புகள் அன்றைய திட்டமிடுவோருக்குப் பிடிக்காதவை. ஆகவே, இன்று பயணி காண்பது 1939இன் நகரம் அல்ல. 1950களின் மனிதர்கள் தங்களுக்கு உகந்ததென்று தேர்ந்தெடுத்த பழமை.

அரச அரண்மனையும் தேர்வின் கதையே. 1944 செப்டம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட அதை மீட்கும் முடிவுக்குக் கம்யூனிச அரசு 1971 வரை வரவில்லை. பிறகு பொதுமக்களின் நன்கொடையோடு பணி நடந்தது. 1984இல் கதவுகள் திறந்தன. 1939இலேயே ஆபத்தை உணர்ந்து அகற்றிக் காத்த சிற்ப வேலைகளும் அலங்காரத் துண்டுகளும் மறுபடி தம் இடத்தில் பொருந்தின. பழையது எது, புதியது எது என்று தெரிந்துகொண்டு பார்க்கும்போதுதான் இந்த உழைப்பின் அருமை புரியும். பளபளப்பான அறைகளை விரைந்து கடப்பவருக்கு அது ஐரோப்பாவின் இன்னோர் அரண்மனை, அவ்வளவுதான்.

செங்கற்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. போருக்குப் பின் போலந்தோடு சேர்ந்த வ்ரோட்ஸ்வாஃப் முதலிய முன்னாள் ஜெர்மானிய நகரங்களின் கட்டடங்களை உடைத்து, தலைநகருக்குச் செங்கல் கொண்டுவந்தார்கள். ஒரு நகரம் எழ வேறு நகரங்கள் விலை கொடுத்தன. வெற்றிக் கதையாக மட்டுமே சொல்லும் சுற்றுலாவில் இந்த விலைக்கு இடமில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை, சுற்றுலா நின்றுவிடும் எல்லை. பழைய நகருக்கு மேற்கே, நடந்தே போகும் தொலைவில் முரானூஃப் இருக்கிறது. போருக்கு முன் யூதர்கள் அடர்ந்து வாழ்ந்த பகுதி. 1940 நவம்பரில் நாஜிகள் மதில் எழுப்பி அடைத்த கெட்டோ என்ற யூத ஒதுக்குப் பகுதிக்குள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திணிக்கப்பட்டார்கள். 1942 கோடையில் பெரும்பாலானோர் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். 1943 ஏப்ரலில் மிஞ்சியவர்களின் எழுச்சியை ஒடுக்கிய படைகள் அந்தப் பகுதியைத் தரைமட்டமாக்கின. இங்கே எந்தப் பழைய தெருவும் பழைய தோற்றத்தில் மீளவில்லை. கட்டடக்கலைஞர் போக்தான் லாஹெர்ட் அந்த இடிபாடுகளின் மேட்டிலேயே, இடிபாட்டை அரைத்துச் செய்த கற்களால் புதிய குடியிருப்பை எழுப்பினார். நடந்ததை நினைவூட்டும்படி சுவர்களைப் பூசாமல் விடவும் எண்ணினார். பின்னர் அவற்றுக்கும் பூச்சு வந்துவிட்டது. மேட்டின் மேல் நிற்கும் வீடுகளுக்கு ஏறிச் செல்லும் படிக்கட்டுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் பொருளைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், பயணிக்கு அது சாதாரணக் குடியிருப்பு.

1948இல் எழுப்பிய கெட்டோ வீரர்கள் நினைவுச்சின்னமும், போலந்து யூதர்களின் வரலாற்றைச் சொல்லும், 2014இல் நிரந்தரக் காட்சி திறந்த போலின் அருங்காட்சியகமும் இங்கேதான் உள்ளன. பலர் அங்கே வருகிறார்கள் என்பது ஆறுதல். ஆயினும் ‘அழகான பழைய நகரம்’ ஒரு நாள், ‘துயரமான கெட்டோ’ இன்னொரு நாள் என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் அடிப்படைக் கேள்வியை மறைக்கிறது: ஒரே நகரத்தில் எதை மீட்டார்கள், எதை மீட்கவில்லை, ஏன்? எதை மீட்பது என்ற கேள்விக்கு விடை தேடித்தான் முழு வார்சாவும் எழுந்தது.

இந்த விவாதம் முடிந்துவிடவும் இல்லை. 1944 டிசம்பரில் தகர்ந்த சாக்சன் அரண்மனையை மறுபடி கட்ட 2021இல் சட்டம் இயற்றப்பட்டது. பெயர் தெரியாப் போர்வீரர் நினைவிடமாக விளங்கும் சில வளைவுகளே அந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பவை. வெறும் எச்சமாக நின்று பேசும் அந்த வளைவுகளை முழுமையான முகப்புக்குள் சேர்ப்பது நட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அழகான முகப்பைத் தேடும் கண், இப்படிப்பட்ட முடிவுகளுக்கு வலுச் சேர்க்கிறது.

ஆகவே வார்சாவுக்குப் போகிறவர்கள், மறுகட்டுமானத்தை விளக்கவென்றே பழைய நகரில் உள்ள பாரம்பரிய விளக்க மையத்திலிருந்து தொடங்கலாம். பிறகு சதுக்கம், பேராலயம், அரண்மனை. அன்றைக்கே முரானூஃப் வரை நடை. வழிகாட்டிகள் ஒவ்வொரு சின்னத்தின் அருகிலும் இரண்டு ஆண்டுகளைச் சொல்லட்டும்: அது முதலில் எழுந்த ஆண்டு, மறுபடி எழுந்த ஆண்டு. அதனால் சின்னத்தின் மதிப்பு குறையாது. இழப்பையும் தேர்வையும் மறைக்காத பார்வைதான், இந்த நகரத்தைக் கட்டியவர்களுக்கும் இதில் மாண்டவர்களுக்கும் சமமாக நியாயம் செய்யும்.